பின் அச்சு பேசும் மொழி

மலையடிவாரத்திலுள்ள ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுக் கூட்டத்திற்கு அழைப்பின் பேரில் நாம் சென்றிருந்தோம். நிகழ்ச்சி நிரலின் மூன்றாவது பொருள், சங்கத்துக்குச் சொந்தமான பழைய ஜீப் வண்டியைப் பற்றியது. வண்டி புறப்படும்போது பின்புறத்தில் ‘டொக்’ என்று ஓர் அடி விழுகிறது. ஓடும்போது ஒரு முனகலும் கேட்கிறது. பட்டறைக்கு அனுப்பியதில், டிஃபரன்ஷியல் தேய்ந்துவிட்டது, முழுவதையும் மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு வேண்டிய தொகை, அங்கத்தினர்களுக்குப் பங்காதாயமாக ஒதுக்கியிருந்த தொகையில் ஏறத்தாழப் பாதி. அறுவடைக் காலமோ நெருங்கிக்கொண்டிருந்தது. மேலேயிருந்து மிளகும் காப்பியும் இறங்க வேண்டும். கீழேயிருந்து நெசவாளர் வீடுகளுக்கு நூல் சிப்பங்கள் போய்ச் சேர வேண்டும்.

தீர்மானம் நிறைவேறும் தறுவாயில், பின் வரிசையிலிருந்து முதிய நெசவாளர் ஒருவர் எழுந்தார். “தலைவர் ஐயா, எனக்கு மோட்டார் தெரியாது. ஆனால் என் தறியில் ஒரு சத்தம் கேட்டால், மிதிக்கும்போது கேட்கிறதா, நாடா ஓடும்போது கேட்கிறதா, பலகை அடிக்கும்போது கேட்கிறதா என்று பார்த்த பிறகுதான் தச்சரைக் கூப்பிடுவேன். இந்த வண்டியில் சத்தம் எப்போது கேட்கிறது?” என்று வினவினார்.

மேசையைச் சுற்றி அமர்ந்திருந்த எவரிடமும் அதற்கு விடை இல்லை. தீர்மானம் ஒரு வார காலத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்த ஒரு வாரத்தில் தெரியவந்தது என்ன என்பதை இறுதியில் கூறுவோம். பெரியவர் கேட்ட கேள்விக்கு விடை காணும் முறையை முதலில் ஆராய்வோம். பழைய ஜீப் வைத்திருக்கும் சங்கம் எதுவாயினும், தோட்டக்காரர் எவராயினும், இது அவர்களுக்குப் பயன்படும்.

டிஃபரன்ஷியல் செய்யும் வேலை

மாட்டு வண்டியில் சக்கரங்கள் இருசின் மீது தனித்தனியே சுழல்கின்றன. திருப்பத்தில் வெளிப்பக்கத்துச் சக்கரம் அதிகத் தூரமும் உட்பக்கத்துச் சக்கரம் குறைந்த தூரமும் போகின்றன. இழுப்பது மாடு, சக்கரங்கள் வெறுமனே உருள்கின்றன. ஆகையால் அங்கே சிக்கல் ஏதும் இல்லை. மோட்டார் வண்டியிலோ சக்கரங்களே வண்டியைத் தள்ள வேண்டும். இரண்டுக்கும் வலு செல்ல வேண்டும். அதே சமயம் திருப்பத்தில் ஒன்று விரைந்தும் மற்றொன்று தாமதித்தும் சுழல இடம் இருக்க வேண்டும். இதற்கு வழி கண்டவர்களுள் ஒருவர் ஒனெசிஃபோர் பெக்கூர் என்னும் பிரெஞ்சுக்காரர். கடிகாரத் தொழில் பயின்ற அவர் 1820களின் இறுதியில் தம் நீராவி வண்டிக்காக இந்த அமைப்புக்கு உரிமை பெற்றார்.

பின் அச்சின் நடுவிலுள்ள உருண்டையான கூட்டுக்குள் இரு ஜோடி வேலைகள் நடைபெறுகின்றன. முதலாவது, புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனையிலுள்ள சிறிய பினியன், பெரிய கிரவுன் வீலைச் சுழற்றுவது. 1953-ல் வெளிவந்து, பின்னர் நம் நாட்டிலும் பல்லாண்டுகள் செய்யப்பட்ட சிஜே-3பி வகை ஜீப்பில் பினியனுக்கு 8 பற்கள், கிரவுன் வீலுக்கு 43 பற்கள். அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் பினியன் ஐந்தரைக்குச் சற்றுக் குறைவான சுற்றுகள் சுற்றிவிடும். இரண்டாவது, கிரவுன் வீலோடு சேர்ந்து சுழலும் பெட்டிக்குள் இருக்கும் ஸ்டார் பினியன்களும் அவற்றோடு இணைந்த பக்கப் பற்சக்கரங்களும் செய்யும் வேலை. நேர்ச்சாலையில் ஸ்டார் பினியன்கள் தம் அச்சில் சுழல்வதில்லை. திருப்பத்தில் மட்டுமே சுழன்று, இரு சக்கரங்களுக்கும் வேண்டிய வேற்றுமையை உண்டாக்குகின்றன.

கொல்லிமலைச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. அத்தகைய சாலையில் ஏறி இறங்கும் வண்டியின் ஸ்டார் பினியன்கள், சமவெளி வண்டியின் ஸ்டார் பினியன்களைவிடப் பன்மடங்கு உழைக்கின்றன என்பது சொல்லாமலே விளங்கும். மேலும், ஏற்றத்தில் பற்களின் ஒரு முகமும், கியரில் வைத்து இறக்கத்தில் வரும்போது மறு முகமும் சுமை தாங்குகின்றன. ஒலியைக் கேட்டுக் குறையை அறிவதற்கு இவ்விரு உண்மைகளே அடிப்படை.

ஒலி எப்போது எழுகிறது?

ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில், மிதமான வேகத்தில் வண்டியை ஓட்டிப் பார்க்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் அமர்ந்து குறிப்பெடுக்கட்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தி வண்டி இழுக்கும்போது, வேகம் கூடாமலும் குறையாமலும் சமமாகச் செல்லும்போது, கியரிலேயே வைத்துக் காலை எடுத்துவிட்டு வேகம் தணியும்போது ஆகிய மூன்று நிலைகளிலும் ஒலியைத் தனித்தனியே கேட்க வேண்டும்.

இழுக்கும்போது மட்டும் ஊளை போன்ற ஒலி எழுந்து, காலை எடுத்ததும் மறைந்தால், கிரவுன் வீல், பினியன் ஆகியவற்றின் பற்கள் சுமை தாங்கும் முகத்தில் தேய்ந்திருக்கலாம்; அல்லது அவை பொருந்தும் இடம் பிசகியிருக்கலாம். காலை எடுத்த பின்னரே ஒலி எழுந்தால், பினியன் பேரிங் தளர்ந்து, பினியன் தன் இடத்திலிருந்து அசைகிறதோ என்று ஐயுற வேண்டும். எல்லா நிலைகளிலும் ஒரே மாதிரி உறுமி, வேகத்துக்கு ஏற்ப ஏறி இறங்கினால் பேரிங்குகளே முதற்காரணம். பினியன் சக்கரத்தைவிட ஐந்து மடங்குக்கு மேல் விரைந்து சுழல்வதால், அதன் பேரிங் எழுப்பும் ஒலி மெல்லியதாகவும் விரைவானதாகவும் இருக்கும். கிரவுன் வீலைத் தாங்கும் பேரிங்கின் ஒலி தாழ்ந்து, மெதுவாக உருளும்.

நேரே செல்லும்போது அமைதியாக இருந்து, நெருக்கமான வளைவில் மெதுவாகத் திரும்பும்போது மட்டும் ‘கடக், கடக்’ என்று கேட்டால், ஸ்டார் பினியன்களையும் அவற்றைத் தாங்கும் குறுக்குத் தண்டையும் சோதிக்க வேண்டும். சக்கரம் ஒரு சுற்று சுற்றும்போது ஒருமுறை தவறாமல் அடி விழுந்தால், கிரவுன் வீலில் ஒரு பல் உடைந்திருக்கக்கூடும். இந்த ஒலி கேட்ட வண்டியை அதற்கு மேல் ஓர் அடியும் ஓட்டலாகாது. உடைந்த துண்டு பற்களுக்கிடையே சிக்கினால் பின் சக்கரங்கள் திடீரென்று இறுகி நின்றுவிடும். இறக்கத்தில், ஆட்களை ஏற்றிய வண்டியில் அது நேர்ந்தால் விளைவு யாதாகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இன்று எல்லாருடைய கையிலும் உள்ள கைப்பேசியில் இந்த ஒலிகளைப் பதிவு செய்துகொள்வது நல்லது. பட்டறைக்காரரிடம் “ஏதோ சத்தம் வருகிறது” என்று சொல்வதற்கும், “காலை எடுத்த பிறகு, இந்த வேகத்தில், இப்படிக் கேட்கிறது” என்று கேட்கச் செய்வதற்கும் மிகுந்த வேறுபாடு உண்டு.

குற்றமற்றதைத் தண்டிக்கலாகாது

டிஃபரன்ஷியலின் மீது சாட்டப்படும் குற்றங்கள் பல, உண்மையில் அதன் அண்டை அயலார் செய்தவை. டயரின் இரைச்சல் சாலையின் தன்மைக்கேற்ப மாறும். தார்ச்சாலையில் உரக்கக் கேட்டு மண்சாலையில் அடங்கினால் அது டயரே. சக்கர பேரிங்கின் ஒலி, வண்டியை இடமும் வலமும் சற்றே வளைத்து ஓட்டும்போது கூடியும் குறைந்தும் மாறும். ஒரே வேகத்தில் கியரை மாற்றினால் ஒலியும் மாறுகிறதென்றால், கியர் பெட்டியையே நோக்க வேண்டும். இவ்வகைப் பழைய ஜீப்புகளின் டிரான்ஸ்ஃபர் கேஸ், பின் அச்சுக்கு எப்போதும் பற்சக்கரங்களின் வழியாகவே வலுவை அனுப்புகிறது. ஆகவே சிறிது முனகல் அதற்கு இயல்பு.

புறப்படும்போது விழும் ‘டொக்’ என்ற அடிக்குக் காரணமாகக்கூடியவை இன்னும் பல. புரொப்பெல்லர் ஷாஃப்டின் யூ-ஜாயின்ட் கிராஸ் தேய்ந்திருக்கலாம். அச்சையும் பட்டை ஸ்பிரிங்கையும் பிணைக்கும் யூ-போல்ட் தளர்ந்திருக்கலாம். இவற்றையெல்லாம் விட மறைவானது ஒன்றுண்டு. பழைய ஜீப்புகள் பலவற்றில், பின் ஆக்ஸில் தண்டின் வெளிமுனை கூம்பு வடிவில் அமைந்திருக்கும். சக்கரத்தின் ஹப் அந்தக் கூம்பின் மீது ஏறி, ஒரு சிறு சாவிக் கட்டையாலும் ஒரு பெரிய நட்டினாலும் நிற்கிறது. நட்டு தளர்ந்தால் ஹப் தண்டின் மீது முன்னும் பின்னும் அசையும். ஒவ்வொரு முறை வலு ஏறும்போதும் ‘டொக்’ என்னும். சாவி நாளுக்கு நாள் தேயும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்னும் பழமொழி ஜீப்புக்கும் பொருந்தும். கவனியாது விட்டால் சக்கரமே கழன்றுவிடும்.

முனகலின் இருப்பிடத்தைத் தெளிவாக அறிய மற்றொரு வழி உண்டு. பின் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு, ஃபோர்-வீல்-டிரைவ் லிவரைப் போட்டு, முன் அச்சின் வலுவால் மட்டும் வண்டியை மெதுவாகச் சிறிது தூரம் ஓட்டிப் பார்க்கலாம். ஒலி மறைந்தால் குறை பின் ஷாஃப்டிலோ பின் அச்சிலோ உள்ளது. முன்போலவே கேட்டால் வேறிடத்தில் தேட வேண்டும்.

ஒரு முக்கிய எச்சரிக்கை

இவ்வகை ஜீப்பின் கைப்பிரேக் பின் சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்புறத்தில், ஷாஃப்டின் மீது உள்ளது. அது ஷாஃப்டைத்தான் பிடித்து நிறுத்துகிறது. ஜாக்கியை வைத்து ஒரு பின் சக்கரத்தைத் தூக்கிய மறுகணம், டிஃபரன்ஷியல் தன் இயல்புப்படி அந்தச் சக்கரத்தைப் பின்னோக்கிச் சுழலவிட்டு, தரையிலுள்ள சக்கரத்தை உருளவிடும். கைப்பிரேக் போட்டிருந்தும் வண்டி நகரும். கியரில் விட்டு நிறுத்தினாலும் இதே கதிதான். வண்டிக்கு அடியில் மனிதர் படுத்திருக்கும் வேளையில் இது நேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆகையால் சமதளத்தில் நிறுத்தி, தரையிலுள்ள சக்கரங்கள் ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்த பின்னரே ஜாக்கியைத் தொட வேண்டும். தூக்கிய வண்டியை உறுதியான தாங்கியின் மீது இருத்தாமல் அடியில் நுழையலாகாது. ஷாஃப்டைக் கழற்றும்போதும் முட்டுக்கட்டை அவசியம்.

கையால் அறியும் ஆட்டம்

நான்கு சக்கரங்களும் தரையில் இருக்க, முட்டுக்கட்டைகள் வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, கைப்பிரேக்கைத் தளர்த்திக்கொள்ளுங்கள். பின் புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் பற்றி இருபுறமும் திருப்புங்கள். கிராஸின் ஒரு பக்கம் அசைந்த பின்னரே மறு பக்கம் அசைகிறது என்றால், அந்த கிராஸ் தேய்ந்துவிட்டது. அடுத்து, பினியன் ஃபிளாஞ்சைப் பற்றி மேலும் கீழும், உள்ளும் வெளியும் ஆட்டிப் பாருங்கள். பினியன் பேரிங்குகள் சற்று இறுக்கத்தோடு பொருத்தப்படுபவை. அங்கே கைக்குத் தெரியும் அசைவு சிறிதும் இருக்கலாகாது.

பின்னர் ஒருவர் ஷாஃப்டை முன்னும் பின்னும் திருப்ப, மற்றொருவர் பின் சக்கரத்தின் நடுவிலுள்ள நட்டை உற்றுநோக்கட்டும். தண்டும் நட்டும் அசைந்து, பிரேக் டிரம் அசையாதிருந்தால் ஹப் தளர்ந்திருக்கிறது. இந்தச் சோதனைக்குச் செலவு ஏதுமில்லை. ஐந்து நிமிடம் போதும். நட்டை இறுக்குவதற்குக் கையேட்டில் கண்ட அளவுக்கு டார்க் ஸ்பானரைப் பயன்படுத்த வேண்டும். பிளவு ஊசியின் துளை நேராக வராவிடில், நட்டை மேலும் இறுக்கித் துளையை நேராக்க வேண்டுமேயன்றி, ஒருபோதும் தளர்த்தலாகாது.

இவற்றில் குறையில்லாமல், ஃபிளாஞ்சின் ஆட்டம் மட்டும் அதிகமாக இருந்தால், ஐயம் கூட்டுக்குள் செல்கிறது. கிரவுன் வீலுக்கும் பினியனுக்கும் இடையே ஓரளவு இடைவெளி இயல்பாகவே வேண்டும். இவ்வகை அச்சுகளில் அது பொதுவாக அங்குலத்தில் 0.005 முதல் 0.009 வரை, ஏறத்தாழ இரண்டு தாள்களின் கனம். அதை அளப்பதற்குப் பின்மூடியைத் திறந்து டயல் கேஜ் வைக்க வேண்டும், கண்ணால் மதிப்பிடலாகாது. அந்தந்த வண்டியின் கையேடு கூறும் அளவே முடிவானது.

எண்ணெய் கூறும் சாட்சி

எண்ணெயை வடித்துப் பார்ப்பது பாதிப் பரிசோதனை. காந்தத்தை அதில் இட்டால் சாம்பல் நிறத்தில் மைபோன்ற நுண்தூள் ஒட்டுவது பழைய வண்டிக்கு இயல்பு. செதில்களோ துண்டுகளோ வந்தால் கூட்டைத் திறந்தே தீர வேண்டும். பால் கலந்த காப்பிபோல் இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடைகளைக் கடக்கும் வண்டிகளில் இது அடிக்கடி நேரும். பேரிங்குகள் துருப்பிடிக்கும் முன் எண்ணெயை மாற்றிவிட வேண்டும்.

அச்சின் மேலுள்ள மூச்சுத்துளையை மறக்கலாகாது. அது சேற்றால் அடைபட்டால், உள்ளே சூடேறிய காற்று வெளியேற வழியின்றி ஆயில் சீல்களின் வழியே எண்ணெயைத் தள்ளும். எண்ணெய் பிரேக் டிரம்முக்குள் புகுந்தால் பிரேக்கும் போயிற்று, டிஃபரன்ஷியலும் வறண்டது. பினியன் சீல் கசிந்தால், சீலை மட்டும் மாற்றிவிட்டுத் திருப்தி அடைய வேண்டாம். பேரிங் ஆடினால் புதிய சீலும் விரைவில் கெடும்.

இக்கூட்டின் பற்கள் ஒன்றன் மீது ஒன்று வழுக்கிக்கொண்டே சுழல்பவை. ஆதலால் எஞ்சின் எண்ணெய் இங்கே உதவாது. ஜி.எல்.-5 தரமுள்ள, 90 எண் கனமுடைய கியர் எண்ணெயே இதற்குப் பொதுவாக ஏற்றது.

மாற்றத்தான் வேண்டுமென்றால்

கிரவுன் வீலும் பினியனும் ஆலையிலேயே ஜோடியாக இழைக்கப்பட்டவை. ஒன்றைப் புதிதாகவும் மற்றதைப் பழையதாகவும் பூட்டலாகாது. பிரித்த வண்டியிலிருந்து அச்சு வாங்குவோர், பற்களின் விகிதத்தைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். ஜீப்புகளில் 43-க்கு 8 என்ற விகிதமும் உண்டு, 39-க்கு 8 என்ற விகிதமும் உண்டு. முன் அச்சு ஒரு விகிதத்திலும் பின் அச்சு வேறொரு விகிதத்திலும் இருந்தால், ஃபோர்-வீல்-டிரைவ் போட்டதும் ஒன்றோடொன்று மல்லுக்கு நின்று, இரண்டும் டிரான்ஸ்ஃபர் கேஸும் நாசமாகும். மேற்கூறிய எச்சரிக்கைகளோடு ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கி, நியூட்ரலில் வைத்து, கைப்பிரேக்கைத் தளர்த்தி, அச்சக்கரத்தை இரண்டு முழுச்சுற்று சுற்றுங்கள். ஷாஃப்ட் ஐந்தரைக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் முதல் விகிதம். ஐந்துக்குச் சற்றுக் குறைவாகச் சுற்றினால் இரண்டாவது.

இதே காரணத்தால், உலர்ந்த தார்ச்சாலையில் ஃபோர்-வீல்-டிரைவ் போட்டு ஓட்டுவதும் தகாது. திருப்பத்தில் முன் அச்சும் பின் அச்சும் வெவ்வேறு தூரம் செல்ல முயல, இடையிலுள்ள பற்கள் எல்லாம் முறுக்கேறித் தேய்கின்றன. சேறு, மணல், சரளை ஆகியவற்றைத் தாண்டியதும் லிவரை எடுத்துவிடுவதே முறை.

ஒரு வாரத்தின் முடிவு

இனி அந்தச் சங்கத்தின் ஜீப்புக்கு வருவோம். மேற்சொன்ன சோதனைகளை ஒவ்வொன்றாகச் செய்ததில், ‘டொக்’ என்ற அடிக்குக் காரணம் இடப்பக்கத்து ஹப் நட்டு என்று தெரிந்தது. சாவி பாதி தேய்ந்திருந்தது. முனகல் காலை எடுத்த பின்னரே எழுந்தது. பினியன் ஃபிளாஞ்ச் கைக்கு அசைந்தது. எண்ணெய் குறைந்திருந்தது, மூச்சுத்துளை மண்ணால் மூடிக்கிடந்தது. பின்மூடியைத் திறந்து பார்த்தபோது பற்களில் பழுதில்லை. சாவி, பினியன் பேரிங், சீல், எண்ணெய் ஆகியவற்றோடு வேலை முடிந்தது. முதலில் கேட்ட தொகையில் சிறு பகுதியே செலவாயிற்று. பட்டறையை மட்டும் குறை கூறுவதற்கில்லை. “சத்தம் வருகிறது, பாருங்கள்” என்ற ஒற்றை வாக்கியத்தோடு வண்டியை விட்டுவந்தவர்கள் சங்கத்தாரே.

ஆனால் நம் மனத்தில் தைத்தது வேறொன்று. சோதனை முடிந்த மாலையில் ஓட்டுநரைப் பார்த்து, “தம்பி, காலை எடுத்தால்தான் முனகுகிறது என்பது உனக்குத் தெரியுமா?” என்று அந்தப் பெரியவர் கேட்டார். “ஆறு மாதமாகத் தெரியும் ஐயா. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லையே” என்றார் அவர்.

பேரிங் தளர்ந்த நிலையில் அந்த வண்டி இன்னும் சில மாதங்கள் ஓடியிருந்தால், பற்களும் கெட்டு, பட்டறை சொன்னது மெய்யாகியிருக்கும். ஹப் நட்டு இன்னும் சிறிது தளர்ந்திருந்தால், நாம் வேறுவிதமான கூட்டத்துக்குச் செல்ல நேர்ந்திருக்கும்.

அச்சங்கத்தின் அலுவலகத்தில் இப்போது ஒரு குறிப்பேடு இருக்கிறது. எண்ணெய் பார்த்த தேதி, ஃபிளாஞ்சின் ஆட்டம், கேட்ட ஒலி, அது கேட்ட வேளை ஆகியவற்றை ஓட்டுநரே வாரந்தோறும் எழுதுகிறார். குழுக் கூட்டத்தில் அது வாசிக்கப்படுகிறது. அங்கத்தினர்களின் பணத்தில் வாங்கிய வண்டிக்கு அங்கத்தினர்களின் காதும் வேண்டும். உங்கள் சங்கத்து வண்டி இன்று மாலை திரும்பி வந்ததும், அதை ஓட்டி வந்தவரை அருகே அமர்த்தி, அது என்ன பேசுகிறது என்று கேளுங்கள்.